புதுக்குழலின் வேகம்

"புதுத் துப்பாக்கிக் குழல்ல குண்டு மெதுவாத்தான் போவுமா சார்?"

மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்த மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. கார்கில் சண்டை முடிந்து ஓய்வு பெறும்வரை ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர்தான் அவர். ஆனால், இதைக் கேட்பதற்கென்றே நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு பெண் தேடி வந்திருக்கிறாளே!

"கொஞ்சம் மெதுவாத்தாம்மா. உள்ள சொரசொரப்பா இருக்கும்லா? நூறு, நூத்தம்பது குண்டு போனா வழவழப்பாயிரும். வேகமும் கூடி ஒரு நிலைக்கு வந்துரும். மவன் பட்டாளத்துல இருக்கானோ?"

"ஆமாங்க" என்றாள் ராஜாத்தி. "எவ்ளோ மெதுவா?"

"செகண்டுக்கு எண்ணூத்திருபது மீட்டர் போறது எண்ணூறு போகும். அம்புட்டுதான். அதுவே சத்தத்தவிட ரெண்டு மடங்கு வேகம்லா!"

"அப்போ, குண்டு பட்டவனுக்கு வெடிச்ச சத்தம்கூட கேட்டிருக்காதா?"

மாடசாமி எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"கேட்டிருக்காதும்மா. உங்க மவனுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

"எம்பையன் உசுரோட இருக்கான் சார். புதுக்குழலப் பழக்கறப்போ அவன் கை தவறிச் சுட்டதுல, கூட இருந்த பையன் செத்துட்டான். புதுக்குழலாச்சே, குண்டு மெதுவாப் போயிருக்கும், துடிச்சிருப்பான்னு பொலம்பிப் பொலம்பி, லீவுல வந்தவன் சோறே திங்கறதில்ல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்."

மாடசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு என் ஷிப்ட் முடியும். இருந்து, என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா."