இடப்பக்கம்

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

விரலைத் துளிகூட விரிக்கவில்லை. சந்து விட்டுப் பார்க்கிற வித்தை எந்த டிரைவருக்கும் தெரியும். இன்று அவருக்கு அது வேண்டாம்.

எதிரே சுவர். சுவரில் எழுத்து அட்டை இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளுத்த ஒரு மங்கல்.

"படிங்க" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"தெரியலீங்க."

சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்த சொல். வெளியே வந்ததும் அழுகை முட்டியது.

கனரக லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அதற்காகத்தான் லாரி உரிமையாளர்கள் இந்தக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். வந்த அத்தனை பேரும் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். தேறிவிடக் கூடாது என்று கும்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

பின்னே என்ன செய்வது? கண் போச்சு என்று இவராகப் போய்ச் சொன்னால் முதலாளி நம்பவா போகிறார்? உடம்பு வணங்காமல் சாக்குச் சொல்கிறான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டாக்டரே ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சங்கதி வேறு. அப்படி எழுதி வாங்கிய ஒருவரை ஷெட்டில் வாட்ச்மேனாகப் போட்டிருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச் லைட். கண் தெரியாத வாட்ச்மேன் எதைக் காப்பான் என்று கேட்கலாம். ஆனால் நாற்காலி யார்மீதும் ஏறாது.

போன மாதம் ஆத்தூர் ரோட்டில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டோல்கேட்டில் நின்றபோது அங்கிருந்த பெண் கையை நீட்டி எதையோ காட்டினாள். இறங்கிச் சுற்றிப்போய்ப் பார்த்தார். இடது கண்ணாடிக் கம்பியில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகிற பை. வார் ஒன்று அறுந்திருந்தது.

எந்த ஊரில் வந்து மாட்டியது, யார் கையில் இருந்தது, அந்தக் கை என்ன ஆயிற்று, எதுவுமே அவருக்குத் தெரியாது.

அடுத்த நடை அதே ரோட்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைத் தேடிக்கொண்டே போனார். வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்ததால் சுவருக்குச் சுவர் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. எல்லாம் வயசாளிகளின் படங்கள். பிள்ளை முகம் ஒன்றுகூட இல்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். அன்றைக்குத் தப்பியது. இனி?

"மேல் வரிசை பெரிசாத்தானே இருக்கு. அதையாச்சும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"சத்தியமாத் தெரியலீங்க."

பின்னால் நின்றவன் செங்கோடன். வேறொரு கம்பெனியில் டேங்கர் ஓட்டுகிறவன். டீக்கடைகளில் பார்த்துப் பேசிய பழக்கம். தங்கமான பயல். அதுதான் வினை.

"ட... ப... ம..."

காதோரம் காற்றாக வந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்ணா. ட, ப, ம."

அவனுக்கும் பின்னாலிருந்து இன்னொருவன் அடுத்த வரிசையை எடுத்துக் கொடுத்தான். ஒரு டிரைவரின் சோற்றில் மண் விழுவதை இன்னொரு டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். இவர்களை என்னவென்று சொல்வது.

வரிசையே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். வாசல்வரை ஆள் நின்றது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"பயத்துலயே பாதிப் பேருக்குக் கண்ணு தெரியறதில்ல" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க டாக்டர்."

"பாத்தாச்சுங்க. அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லாம ஓட்டுங்க. அடுத்தது யாரு?"

லாரி வெளியே நின்றது. லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. இங்கிருந்து நேரே ஓசூர் போக வேண்டும். தனியாகத்தான். இந்தக் காலத்தில் கிளீனர் வைத்துக்கொள்கிற வண்டி எது?

செங்கோடன் ஓடிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

"பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுருங்ணா. நல்லாப் பயந்துட்டீங்க போங்க."

அவர் வண்டியை எடுத்தார்.

"செங்கோடா, அந்தப் பக்கம் பாத்துச் சொல்லீட்டே வா."

"ஏனுங்ணா, கண்ணாடி இருக்குதல்ல?"

"சொல்லீட்டே வா."

சிரித்துக்கொண்டே தொடங்கினான். சைக்கிள் ஒண்ணு. தள்ளுவண்டி. ஓரமா ஒரு அம்மா.

"வலது வாங்க! வலது வாங்ணா!"

அதற்குப்பின் அவன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் விடாமல் சொன்னான். குப்பைத் தொட்டியைக்கூடச் சொன்னான். ரோட்டைப் பார்த்துச் சொல்கிறானா, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறானா என்று அவருக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி நிறுத்தினார். செங்கோடன் உடனே இறங்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்ணா" என்றான்.

அவனைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. நல்லது செய்ததாக நினைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது? போ என்று கையை மட்டும் காட்டினார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தது.

கழுத்தைத் திருப்பி வலது கண்ணால் இடது கண்ணாடியைப் பார்த்தார். நிழல்கள் அசைந்தன. அதில் ஆள் எது, கம்பம் எது என்று பிடிபடவில்லை.

"செங்கோடா, தள்ளிட்டியா?"

பதில் இல்லை. போய்விட்டானா? இல்லை, போக மனமில்லாமல் அங்கேயே நிற்கிறானா?

ஹாரன் நிற்கவேயில்லை. இப்போது இரண்டு பஸ்.

இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

பிறகு கியரைப் போட்டார்.