பனி பிடிக்காத இருக்கை

எகடெரின்பர்க் மைதானத்தில் ஆட்ட நாள் காலையில் நானும் தமாரா அக்காவும்தான் இருக்கைகளிலிருந்து பனியை வாரித் தள்ளுவோம். பதினான்காம் இருக்கையில் மட்டும் பனி பிடிப்பதில்லை. தொட்டால் சூடாக இருக்கும். அக்காவின் கணவர், போன வருஷம் இறந்துபோன வாதிமுடைய இடம் அது.

"உசுரோட இருந்தப்பவும் மனுஷன் ஆட்டம் முடியாம எழுந்திரிக்க மாட்டாரு" என்று சிரித்தபடி தாண்டிப் போவாள்.

இன்று பதினைந்திலும் பனி இல்லை.

"இது யாரு இடம்க்கா?"

"எங்க கிளேபோடது."

மகன் கிளேப் லாரி ஓட்டுகிறவன். நேற்றுதான் த்யுமேனுக்குக் கிளம்பியிருந்தான். அக்கா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தொட்டுப் பாருடி."

தொட்டேன்.

"சில்லுனுதான்க்கா இருக்கு" என்றேன். கையை எடுக்க மனம் வரவில்லை. அந்தக் குளிரில் அந்தச் சூடு இதமாக இருந்தது.