எமகண்டம் எழுதிய ரோஜா

அம்மாவின் பிறந்தநாளுக்காகக் கயல் பழைய காலண்டர் தாளைப் பீட்ரூட் சாற்றில் நனைத்து, காயவைத்து, ரோஜாவாக மடித்தாள். ரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் ஊட்டி ரோஜாவாக்கும்!" என்றது, பக்கத்தில் தொங்கிய பலூனிடம்.

"அப்புறம் ஏன் தம்பி, உன் இதழிலே 'எமகண்டம் ஒன்றரை முதல் மூன்று'ன்னு போட்டிருக்கு?"

ரோஜா தன்னையே குனிந்து பார்த்தது. தெரிந்தால் அம்மா தலையில் வைப்பாளா? அந்த இதழை உள்ளே சுருட்டிக்கொண்டது.

கேசரி சாப்பிட்டதும் கயல் அதை அம்மாவின் கொண்டையில் செருகினாள். அம்மா சிரித்த குலுங்கலில் இதழ் விரிந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். வீடே சிரித்தது.

"இருக்கட்டுமே, என் பொண்ணு செஞ்சது," என்று அம்மா பூவை இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டாள்.

ரோஜா மேலேயிருந்து பலூனைக் கூப்பிட்டது. "அண்ணே, நான் ரோஜாதான். பார்க்க வர்றவங்களை மட்டும் மூணு மணிக்கு மேலே வரச் சொல்லுங்க."