தேர் மாட்டும் வீடு

ஆபீசுக்குக் கிளம்பும் முன் அவள் வருகைப் பட்டியலைத் திறந்தாள்.

கதவு போட்டு ஒரு நாள்தான் ஆகிறது. தன் வலைத்தளத்துக்கு அவளே போட்ட கதவு.

போன வாரம் வரை ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். ஊர்ப் பெயரில் அவள் நடத்தும் தளம் அது. பஸ் நேரம், கோயில் கொடைப் படங்கள், கல்யாணம், கருமாதி. மற்றவர்களுக்கு அது ஊர்ச் செய்தி. இசக்கிமுத்துக்காக ஆரம்பித்தது என்று அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இசக்கிமுத்து அவளுடைய அண்ணன். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு போன் கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது. எந்த மூலையில் இருந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்க மாட்டானா?

அம்மா தினமும் காலையில் எண்ணிக்கை கேட்பாள். நாலாயிரம் என்றதும் முகம் மலர்ந்துபோகும்.

"ஏட்டி, நாலாயிரத்துல ஒருத்தன் அவனா இருக்க மாட்டானா?"

போன வாரம் குட்டு உடைந்தது. தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்காரர் போன் பண்ணினார். வருவது ஆட்களே இல்லையாம். பாட்களாம். எவனோ எங்கிருந்தோ ஏவிவிடும் கம்ப்யூட்டர் நிரல்கள். தளம் தளமாக நுழைந்து, இருப்பதையெல்லாம் வழித்துக்கொண்டு போகுமாம். உடனே தடுக்காவிட்டால் தளத்தையே நிறுத்திவிடுவோம் என்றார்.

நாலாயிரமும் பொய்.

பாழாய்ப் போனதுகள்! அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம்தான் கதவு. ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் உள்ளே வரலாம். ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த கேள்வியாக யோசித்து வைத்தாள்.

'நம்ம ஊர்த் தேர் வருஷா வருஷம் எந்த வீட்டு முன்னால மாட்டிக்கிடும்?'

இதுகூடவா தெரியாது! மேலத்தெரு முக்கில் தேர் திரும்பவே திரும்பாது. வடம் பிடித்தவர்கள் வியர்த்து விறுவிறுத்து நிற்பார்கள். அந்த வீட்டு வாசலில் பானகம் குடித்த பிறகுதான் மறுபடி இழுப்பார்கள்.

டாக்டர் வீடு.

அதைத்தான் விடையாகத் தட்டி வைத்தாள். மூன்று தடவை தப்பாகச் சொன்னவருக்குக் கதவு பிறகு திறக்கவே திறக்காது.

பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழே பேர். ஆனால் அத்தனையும் மனுஷர்கள். அவளுக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

கதவுக்கு வெளியே விரட்டப்பட்டவற்றின் பட்டியல் நீண்டு கிடந்தது. கேள்வி புரியாமல் எழுத்தும் எண்ணுமாகக் கொட்டியிருந்தன. ஒழியட்டும் என்று மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

ஓரிடத்தில் விரல் நின்றது.

அந்த ஒரு பதில் மட்டும் தமிழில் இருந்தது. ராஜ்கோட்டிலிருந்து, காலை ஏழே காலுக்கு.

'வாத்தியார் வீடு.'

தப்பு என்று சொல்லியிருந்தது கதவு.

'பரமசிவம் வாத்தியார் வீடு.'

தப்பு.

மூன்றாவது பதில் நாலு நிமிஷம் கழித்து வந்திருந்தது.

'எங்க வீடு.'

தப்பு என்று சொல்லி, கதவு அடைத்துக்கொண்டது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அந்த வீட்டை வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. வாத்தியாராக இருந்த அப்பாவின் காரியம் முடிந்த கையோடு விற்றார்கள். ஊர் சட்டென்று பெயரை மாற்றிக்கொண்டது. அவளும்தான் மாற்றிக்கொண்டாள். பிறந்து வளர்ந்த வீட்டை டாக்டர் வீடு என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாளே!

அவனுக்கு விற்றதும் தெரியாது, அப்பா போனதும் தெரியாது.

முதலில் அவன் மேல் விழுந்த தடையை எடுத்தாள். பிறகு விடைகளின் வரிசையில் இன்னொன்றைச் சேர்த்தாள். எங்க வீடு.

இனி வருவானா? மூன்று தடவை விரட்டியாயிற்று. ரோஷக்காரன். ஒரு தடவை போதாதா அவனுக்கு?

ஒன்பதரை ஆயிற்று. பத்தும் ஆயிற்று. ஆபீசுக்கு லீவு சொன்னாள். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு ராஜ்கோட் மறுபடியும் வந்தது.

'எங்க வீடு.'

கதவு திறந்தது.

இந்த வருஷத் தேர்ப் படங்களுக்குள் அவன் போவது வரி வரியாகத் தெரிந்தது. வடம். கூட்டம். மேலத்தெரு முக்கு. அதற்கடுத்த படத்தில் அம்மா இருந்தாள். வீடு கைவிட்டுப் போனாலும் பானகத்தை விடாதவள், டாக்டர் வீட்டு வாசலில் நின்று வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்த வாளியை அண்ணன்தான் தூக்குவான்.

அந்தப் படத்தை விட்டு அவன் நகரவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பாட்கள் எந்தப் பக்கத்திலும் ஒரு நொடிக்கு மேல் நிற்காது என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

அடுப்படியில் அம்மா எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக மகள் எண்ணிக்கை சொல்லாதது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"ஏட்டி, இன்னைக்கு எத்தனை பேரு வந்தாவ?"

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தன்மா."

கரண்டிச் சத்தம் நின்றது.