ஒன்றுகூடப் பொதுவாக இல்லை

கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு பென் டிரைவையும் செருகி, ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைத் திறந்தார். இடப்பக்கம் கடைக்கு வந்திருந்த அம்மாவின் ஃபோட்டோ ஃபோல்டர், வலப்பக்கம் அவருடன் வந்த ஆணுடையது.

"ரெண்டுலயும் இருக்கற படம் பச்சையா வரும். ஒரு பக்கம் மட்டும் இருந்தா சிவப்பு."

திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது.

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருடப் படங்களில் ஒன்றுகூடவா பொதுவாக இல்லை? பிரியப்போகிற ஜோடிதான் என்று முடிவுகட்டினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கோபத்துல கல்யாணப் படத்தைக்கூட அழிச்சிட்டீங்களா? நான் மீட்டுத் தரேன். பிள்ளைங்களுக்காகவாவது யோசிங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"எங்க கல்யாணமே வர்ற வெள்ளிக்கிழமைதான்" என்றார் அந்த அம்மா. "இதுல இருக்கறது என் வீட்டுக்காரர். அதுல இவரோட மனைவி. ரெண்டு பேருமே இப்ப இல்ல."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்ப... தனித்தனியாவே வெச்சிடவா?"

"வேண்டாம், ஒரே ஃபோல்டர்ல சேர்த்துடுங்க. மூணு பிள்ளைங்களும் இனி ஒரே வீட்லதான் வளரப்போகுது. எந்தப் பிள்ளையும் தன்னோட அம்மாவையோ அப்பாவையோ ஒளிஞ்சு நின்னு பாக்கக் கூடாது."