ஐந்தாவது ஃபவுல்

மூன்றுக்குள் ஒரு ஒன்று ஒளிந்திருந்தது.

பொன்னுராஜின் வக்கீல் அழகியமணவாளன் அதை லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நீதிபதியின் மேஜையில் விரித்துக் காட்டிவிட்டு, சாட்சிக் கூண்டில் நின்ற என்னிடம் வந்தார்.

“டீச்சர், பொறந்த வருஷம் 1971-ன்னு எழுதினதை யாரோ 1973 ஆக்கியிருக்காங்க. யாருன்னு தெரியுமா?”

தெரியும். நான்தான்.

இராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. வெள்ளத்தாய் ஆறாம் வகுப்பில் சேர வந்த அன்று பதிவேடு எழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். கான்சாபுரத்துப் பெண். பிந்திப் பள்ளிக்கூடம் போனவள், பதிமூன்று வயது. என் கண்ணுக்கு அவள் வயது தெரியவில்லை, உயரம்தான் தெரிந்தது. இரண்டு வயது குறைத்தால் ஜூனியர் கூடைப்பந்து அணியில் இரண்டு வருஷம் கூடுதலாக ஆட வைக்கலாம். பேனா என் கையில்தானே இருந்தது!

அவள் அப்பா கருத்தப்பாண்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பின்னால் அரசு வேலைக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார்.

அதே கருத்தப்பாண்டி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கும் பொன்னுராஜ், மைனர் பெண்ணான தன் மகளைக் கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டிவிட்டான் என்பது அவர் கொடுத்த புகார். சர்க்கார் வக்கீல் அதைக் கதையாக அழகாகத்தான் சொன்னார். பதினாறு வயது, ஒன்றும் அறியாத பெண், ஆசை வார்த்தை. கேட்டால் எனக்கே கண் கலங்கும், நிஜம் தெரியாமல் இருந்திருந்தால்.

விரும்பித்தான் போனேன் என்று வெள்ளத்தாய் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டாள். மைனரின் விருப்பம் சட்டத்தில் செல்லாது. போன அன்று அவளுக்கு உண்மையில் பதினெட்டு வயது ஒன்பது மாதம். அவள் படித்த ஆரம்பப் பள்ளி மழையில் இடிந்து, பழைய காகிதமெல்லாம் மண்ணோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது என் பதிவேடு ஒன்றுதான். பொன்னுராஜ் ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் என் வாயில் இருந்தது.

சொன்னால் என் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான். தலைமையாசிரியை அறையில் வரிசையாக நிற்கும் கோப்பைகளைத் திருப்பிக் கேட்பார்கள். ஒழுக்கம் ஒழுக்கம் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஊரில் எப்படி நடமாடுவது?

‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்போது பின்வரிசை பெஞ்சிலிருந்து வெள்ளத்தாய் எழுந்தாள்.

வலது கையை நேராகத் தூக்கினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன. முழங்கை மடங்கவில்லை. முகம் நீதிபதியைப் பார்க்காமல், அவருக்குக் கீழே வாக்குமூலம் டைப் அடிப்பவரின் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தது.

“ஐயா, அதை மாத்துனது நாந்தான். டீச்சர் செத்த நேரம் அங்கிட்டுப் போனப்ப, நாந்தான் பேனாவ எடுத்துக் கிறுக்கிட்டேன். அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது.”

கோர்ட் சலசலத்தது. டவாலி அதட்டினார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது நான் சொல்லிக்கொடுத்த கை.

கூடைப்பந்தில் ஃபவுல் செய்தவள் ஸ்கோர் எழுதும் மேஜையைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். அவள் பெயருக்கு நேரே ஒன்று எழுதுவார்கள். ஐந்து ஆனால் வெளியே. எங்கள் காஞ்சனா பந்து போடுவதில் கெட்டிக்காரி, மோதுவதிலும் கெட்டிக்காரி. அவளுக்கு நாலு ஆகிவிட்டால், இடித்தது யாரென்று நடுவர் தேடும் அந்த நொடியில் வேறொருத்தி கை தூக்கிவிட வேண்டும். இதை நான் மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பழக்கினேன். முழங்கை மடங்கினால் நடுவருக்குச் சந்தேகம் வரும் என்று குச்சியால் தட்டினேன்.

வெள்ளத்தாய்க்குத்தான் அது சுத்தமாக வந்தது.

மாவட்ட இறுதிப் போட்டியில், செய்யாத ஃபவுலுக்கெல்லாம் கை தூக்கித் தூக்கி, ஐந்தாகி வெளியே வந்தாள். பாதி ஆட்டம் பாக்கி இருந்தது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

“ஏட்டி, எதுக்கு அழுற? கப்பு நமக்குத்தான்” என்றேன். கப்பு வந்தது. போட்டோ எடுக்கும்போது அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினேன். உயரம் அல்லவா.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு சொல்றது சரியாம்மா?”

ஒரு ‘ஆமாம்’ போதும். பதிமூன்று வயதில் கிறுக்கியதற்கு அவளை இப்போது யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? பொன்னுராஜ் வீட்டுக்குப் போவான். நான் பள்ளிக்கூடம் போவேன். கருத்தப்பாண்டி முறைத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வாயைத் திறந்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

வெள்ளத்தாய் இன்னும் கையை இறக்கவில்லை. எழுதி முடிக்கும்வரை இறக்கக் கூடாது என்று சொன்னவளும் நான்தான்.

டைப் அடிப்பவர் விரல்களைக் கட்டைமேல் வைத்துக் காத்திருந்தார்.

“அவ இல்லைங்கய்யா” என்றேன்.

டைப் அடிப்பவரின் மேஜைப் பக்கம் திரும்பி என் கையைத் தூக்கினேன். முழங்கை மடங்கித்தான் இருந்தது. எனக்குப் பழக்கமில்லை.