விடியற்கால மிஸ்டு கால்

ஏப்ரல் 11. நேற்று ஒரு தவறு செய்தேன். ‘அப்பாவின் எண் உபயோகத்தில் இல்லை’ என்று எழுதிவிட்டேன். அழைத்துப் பார்க்காமலே எழுதினேன்.

அவள் பேனாவை நடுவில் வைத்து நோட்டை மூடினாள்.

மோட்டார் அறைக்குள் வெயில் சாய்ந்திருந்தது. மாலை எலக்ட்ரீஷியன் வகுப்புக்கான பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது.

சுவரில் மோட்டாரை இயக்கும் அந்தப் பெட்டி. உள்ளே ஒரு சிம்.

தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் அது அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். அப்பா கட்டிலில் படுத்தபடியே திருப்பி அழைப்பார். மோட்டார் ஓடும். வேறு எந்த எண்ணுக்கும் அசையாது.

அப்பா போன ஆடியில் இறந்துவிட்டார். அதன்பின் மோட்டாரை இங்கே வந்து கையால்தான் போட்டார்கள்.

மாசிக் கடைசியிலிருந்து மோட்டார் தானாக ஓடுகிறது. விடியற்காலையில், யாரும் போடாமல்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் செய்தாள். ரிலேயை மாற்றினாள். ஓடியது. ஆன்டெனாவை மாற்றினாள். ஓடியது. ஒயர்களையெல்லாம் கழற்றித் திரும்பப் பூட்டினாள்.

ஓடியது.

தன் கை பட்டுத்தான் கெட்டதோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது.

இன்று காலை கிணறு வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வறட்டுச் சத்தத்தில் விழித்து, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. இன்னும் சற்று விட்டிருந்தால் உள்ளே கம்பிச்சுருள் கருகியிருக்கும்.

வெளியே வாழை குலை தள்ளி நிற்கிறது. இந்த வெயிலில் அதற்கு இந்தத் தண்ணீரை விட்டால் வேறு இல்லை.

பெட்டியின் சுவிட்சைத் திருப்பி வைத்தால் போதும், அழைப்பு வந்தாலும் மோட்டார் ஓடாது. அது அவளுக்குத் தெரியும். தினமும் திருப்பித்தான் வைக்கிறாள். தினமும் அம்மா வந்து பழையபடி வைத்துவிட்டுப் போகிறாள்.

“கெடக்கட்டும் கண்ணு. உங்கப்பாதான் போடறாரு.”

அம்மா அதைச் சிரிக்காமல் சொல்வாள். அழாமலும்.

போனை எடுத்தாள். அதில் அந்த எண் இன்னும் ‘அப்பா’ என்றுதான் இருந்தது. காரியம் முடிந்த பிறகு அதற்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தியது அவள்தான். யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

அழைத்தாள்.

பதிவு செய்த குரல் ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். மணி அடித்தது.

“யாரு பேசுதிய?”

ஓர் ஆண். தெற்கத்திப் பேச்சு.

பெட்டியின் எண்ணைச் சொல்லி, அதிலிருந்து அழைப்பு வருகிறதா என்று கேட்டாள்.

“அதை ஏம்மா கேக்கிய? இந்த சிம்மு வாங்குன நாள்லேர்ந்து வெடியக்காலம் ஒரு மிஸ்டு காலு. எவ கூப்புடுதான்னு எங்க வீட்டுல ஒரே சண்ட. யாரோ ஆஸ்பத்திரில கெடந்து அடிக்காவளோன்னு நானும் உடனே திருப்பி அடிப்பேன். ஒருத்தரும் பேச மாட்டாவ. கட்டாயிரும்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

அதன் பச்சை விளக்கு வழக்கம்போல் மினுங்கிக்கொண்டிருந்தது.

“ஒருத்தருமில்லீங்க. எங்க தோட்டத்து மோட்டாருங்க அது. முன்னால இந்த நம்பர் எங்கப்பாவோடதுங்க.”

“அப்படியா. அவிய வேற நம்பரு மாத்திட்டாவளோ?”

“ஆமாங்க. மாத்திட்டாருங்க.”

அடுத்துச் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அவர் காத்திருந்தார்.

“இனிமே நீங்க திருப்பிக் கூப்புட வேண்டாங்க.”

“சரிம்மா. கூப்புடல.”

அவ்வளவுதான். ரிலேயில் இல்லாதது, ஒயரில் இல்லாதது, இவ்வளவு சுலபமாக நின்றுவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மா வந்தாள். அவளைத் தாண்டிப் போய், காலையில் பிடுங்கிய பீஸ் கட்டையை அதன் இடத்தில் சொருகினாள். சுவிட்சைப் பழையபடி திருப்பி வைத்தாள். பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

“என்னமோ நோண்டிட்டே இருக்கறயே. சரியாப் போச்சா?”

“இன்னுந் தெரியலம்மா.”

“சரி பண்ணாத. அது நல்லாத்தான் இருக்குது. காத்தால பைப்புல தண்ணி உழுகற சத்தங் கேட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே தோணுது.”

அம்மா போய்விட்டாள்.

அவள் மறுபடியும் அந்த எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். ‘அப்பா.’ பெருவிரல் அதன் மேல் நின்றது. என்ன சொல்லிக் கேட்பது? தினமும் கூப்பிடுங்கள் என்றா? கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எங்கிருந்து தெரியும்?

போனை வைத்தாள்.

தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது. அவள் எழவில்லை. நோட்டைத் திறந்து எழுதினாள்.

பெட்டியில் பழுது இல்லை.

அதைப் படித்துப் பார்த்தாள். கோடு போட்டு அடிக்கவில்லை. கீழே எழுதினாள்.

நாளை: கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்ததும், அம்மா எழுவதற்குள், சத்தமில்லாமல் வந்து மோட்டாரைப் போட வேண்டும்.